பூட்டிய அறையில் வெறும் தட்டு

கண் ஆய்வகத்தின் தலைமை டாக்டர் வந்தபோது மெக்கானிக் ஒரு பழைய ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டு அதற்குள் தலையை விட்டிருந்தார். காலை பத்து மணி. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து, "உங்க அக்கா இருக்காங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அக்கா உள்ளேதான் இருந்தாள். முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் தீவிபத்து, திருட்டு என்று விசாரித்து ஓய்வு பெற்றவள். தெருவில் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பாள் என்று தம்பியே கேலி செய்வார். ஆனால் அவள் விசாரிக்கப் போகும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே கிளம்புவதும் அவர்தான்.

"உட்காருங்க. என்ன காணாம போச்சு?" என்றாள் அக்கா.

"காணாம போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"செத்துப் போயிருந்தா போலீஸுக்குப் போயிருப்பீங்க. சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். பேட்டரிக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அமிலம் தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. நாலு வருஷமாக இருட்டு. அவருடைய கன்னத்தின் உட்புறத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்து, அதிலிருந்த செல்களை ஆய்வகத்தில் மூன்று வாரம் வளர்த்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெல்லிய படலமாக்கியிருந்தார்கள். அதை வலது கண்ணின் மேல் போர்த்த வேண்டும். இன்று மூன்று மணிக்கு ஆபரேஷன். கண்ணின் மேலிருந்த தழும்பை நேற்றே சுரண்டி எடுத்தாயிற்று.

"அதுதாம்மா பெரிய ஆபத்து. கண்ணு இப்போ மேல்தோல் இல்லாம திறந்து கிடக்கு. இன்னிக்கு மூடலேன்னா ஓட்டை விழலாம். திரும்ப வளர்க்க மூணு வாரம். அதுவரைக்கும் அந்தக் கண்ணு தாங்காது."

"படலம் எங்க இருந்துச்சு?"

"இன்குபேட்டர்ல. எப்பவும் முப்பத்தேழு டிகிரி சூட்டுல இருக்கும். அறைக்குள்ள போக கார்டு வேணும். யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு கதவு பதிவு பண்ணும். நான் இன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்குப் போனேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வந்துட்டேன், நல்லா இருந்துச்சு. போட்டோகூட எடுத்தேன். அப்புறம் எட்டு மணிக்கு எங்க டெக்னீஷியன். வேற யாரும் இல்லை. எட்டரைக்கு அவங்களே கத்தினாங்க, தட்டு காலின்னு. அவங்களை வேற ஒரு ஆய்வகத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன அக்கா, அவங்கதான்! நல்ல தட்டை எடுத்துட்டு வெறும் தட்டை வெச்சிருக்காங்க" என்றார் மெக்கானிக், கையிலிருந்த ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு.

"நீ அதைக் கீழ வை முதல்ல" என்றாள் அக்கா. "டாக்டர், போட்டோவைக் காட்டுங்க."

டாக்டர் போனை நீட்டியபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமுனையில் ரோஜா நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. அவசரத்தில் மருந்து குடித்தவர் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். படத்தில் மேஜைமேல் வட்டமான சின்னத் தட்டு, மூடியோடு, பளீரென்ற வெளிச்சத்தில் இருந்தது. இளஞ்சிவப்புத் திரவத்தின் அடியில் பனிமூட்டம் போல வட்டமாக ஏதோ படிந்திருந்தது. பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் நெற்றியில் கறுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை. எடுத்த நேரம் ஐந்து பத்து.

"இந்தப் படலத்தைத் தட்டிலிருந்து எப்படிப் பிரிப்பீங்க? கத்தியால சுரண்டுவீங்களா?"

"ஐயோ, கிழிஞ்சு போயிடும். தட்டோட அடியில ஒரு பூச்சு இருக்கு. சூடா இருக்கிறவரைக்கும் செல்லை எல்லாம் கெட்டியா பிடிச்சுக்கும். குளிர்ந்துட்டா தானா விட்டுடும். ஆபரேஷனுக்கு முன்னாடி வெளிய எடுத்து வெச்சா, அரை மணி, முக்கால் மணியில படலம் முழுசா கழண்டு மேல வந்துடும். டெக்னீஷியன் அதை ஒரு வட்டக் காகிதத்துல ஏந்திக் கொடுப்பாங்க. அந்தக் கைப்பக்குவம் அவங்களுக்கு மட்டும்தான் உண்டு."

"இப்போ அவங்க எங்க?"

டாக்டர் தலை குனிந்தார். "கார்டை வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

ஆய்வகம் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்தது. வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெண் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பேட்டரிக்காரரின் மனைவி. டாக்டரைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "அந்தத் திருடி கிடைச்சாளா டாக்டர்? அவ கை அழுகிப் போகணும்னு காலையில இருந்து திட்டிக்கிட்டே இருக்கேன். கிளம்பும்போது என் எதிர்லதான் போனா. ஒரு வார்த்தை பேசலை. அவர் உள்ள கண்ணு எரியுதுன்னு முனகறார்." டாக்டர் அவசரமாகக் கதவைத் திறந்தார். மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சலுக்கு அந்த டெக்னீஷியன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்தார்.

அறை குளிர்பெட்டி மாதிரி இருந்தது. "பதினெட்டுல வெச்சிருக்கீங்க" என்றார் மெக்கானிக், காற்றை முகர்ந்தே சொல்பவர்போல. சுவரில் இரண்டே பிளக் பாயின்ட். ஒன்றில் தட்டுகளைக் கிருமி புகாமல் திறப்பதற்கான சுத்தக்காற்று மேடையின் ஒயர், இன்னொன்றில் இன்குபேட்டரின் ஒயர். மூலையில் உயரமான ஸ்டாண்டு விளக்கு ஒன்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றது. இன்குபேட்டரின் நெற்றியில் பச்சை எண்கள் ஒளிர்ந்தன: முப்பத்தேழு. பக்கத்தில் சின்னதாக மணி: ஒன்பது பதினைந்து.

மெக்கானிக் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். "அக்கா, இந்தப் பெட்டிக்கு மணி தெரியலை" என்றார் சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. "இது சூட்டை எழுதி வைக்குமா?"

"மணிக்கு ஒரு தடவை. பாருங்க" என்று டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எல்லா மணிக்கும் முப்பத்தேழு. "ஒரு டிகிரிகூட இறங்கலை. பெட்டி மேல தப்பு இல்லை."

"கரன்ட் போனா கத்தாதா?"

"அலாரத்துக்கு பேட்டரி தீர்ந்து ஆறு மாசமாச்சு. மாத்தணும்."

அக்கா கதவைத் திறக்கச் சொன்னாள். உள்ளே நாலு தட்டுகள். மூன்று வேறு நோயாளிகளுடையவை. அவற்றின் மூடிகள் பளிங்கு போலத் தெளிவாக இருந்தன. நாலாவதின் மூடி மட்டும் உள்பக்கம் முழுக்க வியர்த்து, அடியில் என்ன இருக்கிறதென்றே மேலிருந்து தெரியவில்லை. அந்தத் தட்டின் ஓரத்தில், கம்பித்தட்டின்மேல், ரோஜா நிறத்தில் இரண்டு சொட்டுகள் காய்ந்திருந்தன.

"இதோட மூடியைக் காலையில யாராவது திறந்தாங்களா?"

"இல்லை. எங்க மைக்ரோஸ்கோப் தட்டுக்குக் கீழ இருந்து பார்க்கும். மூடியோட அப்படியே வெச்சு அடியைப் பார்ப்போம். அடியில ஒரு செல்கூட இல்லை. விசாரணைன்னு வந்தா வேணுமேன்னு யாரையும் தொடவிடாம அப்படியே வெச்சுட்டேன்."

"திரவம் மஞ்சளாயிருக்கா?"

"இல்லையே, சிவப்பாதான் இருக்கு. கிருமி புகுந்திருந்தாதான் மஞ்சளாகும்."

"நல்லது. டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. உடனே வரணும்னு சொல்லுங்க."

"குற்றவாளியைக் கூப்பிட்டு..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

டெக்னீஷியன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணியும் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். அழுது வீங்கிய முகம். டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"இதைத் திறந்து பார்க்கலாம்னுதான் காலையிலேயே சொன்னேன். பேசவே விடலை" என்றாள் அக்காவிடம்.

"இப்போ திறக்கலாம்மா. அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் நீங்க எதைத் தேடறீங்கன்னு தெரியும்." அக்கா எழுந்து நின்றாள். "தம்பி, பத்தே முக்காலுக்கு இந்தப் பெட்டி என்ன மணி காட்டுச்சு?"

"ஒன்பதே கால். ஒன்றரை மணி நேரம் லேட்."

"கடைசியா எழுதினது?"

"ஒன்பது... அட, பத்து மணிக்கு எழுத வேண்டியதை எழுதவே இல்லை!" மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன. இருபத்தைந்து வருஷமாக ஃபிரிட்ஜோடு மல்லாடுபவர். "கரன்ட் போயிருக்கு அக்கா! கரன்ட் இல்லாதபோது இந்தக் கடிகாரம் நின்னுடும். திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒன்றரை மணி நேரம் செத்துக் கிடந்திருக்கு!"

"ஆனா சூடு இறங்கலையே" என்றார் டாக்டர்.

"இறங்கினதை அது எழுதலை, டாக்டர்" என்றாள் அக்கா. "அஞ்சு மணிக்கு எழுதிட்டுது. அஞ்சு மணி சொச்சத்துக்கு யாரோ பிளக்கைப் பிடுங்கினாங்க. ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் திரும்பச் சொருகினாங்க. பெட்டி அப்பவும் அஞ்சு மணி சொச்சம்னே நினைச்சுக்கிட்டு, இன்னும் முக்கால் மணிக்கு மேல ஓடி, ஆறுன்னு அடுத்ததை எழுதுச்சு. அதுக்குள்ள சூடு ஏறிடுச்சு. அதனால பதிவு சுத்தமா இருக்கு."

டாக்டரின் நெற்றியில், பதினெட்டு டிகிரி குளிரிலும், வியர்வை அரும்பியிருந்தது. அக்காவின் பேச்சு எங்கே போகிறது என்று மெக்கானிக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

"இந்தம்மா உள்ள வந்தது எட்டு மணிக்கு. அஞ்சு மணிக்கு இந்த அறையில இருந்தது ஒரே ஆள்தான்" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். "உங்க போட்டோவுல பின்னாடி இந்தப் பெட்டி இருக்கு. அதோட நெற்றியில எண்ணே இல்லை, கறுப்பா இருக்கு. தட்டு மேல அவ்வளவு வெளிச்சம். அந்த மூலை விளக்கு எரியணும்னா பாயின்ட் வேணும். இருக்கறது ரெண்டு. சட்டைக் கையில இருக்கற கறை, உள்ள கம்பியில காய்ஞ்சிருக்கற கறை, ரெண்டும் ஒரே நிறம். அவசரத்துல சாய்ச்சு வெச்சிருக்கீங்க. மத்த மூணும் மூடின பெட்டிக்குள்ள ரொம்பக் குளிரலை, வெளிய குளிர்ல இருந்த இதோட மூடிதான் வியர்த்துச்சு. ரெண்டு நிமிஷம் இல்லை, டாக்டர், ஒன்றரை மணி நேரம்."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பெரிய கூட்டம். தட்டை முன்னாடி வெச்சு வீடியோவுல பேசணும்னு நினைச்சேன். பேச்சு திக்கித் திக்கி... ஆறேழு தடவை எடுத்தேன். நேரமே தெரியலைம்மா. மூடியைத் திறக்கலை, சத்தியமா. கொஞ்ச நேரம்தானே, குளிர்ந்திருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் தட்டு காலின்னதும் திருட்டுன்னு மனசு கெட்டியா பிடிச்சுக்கிச்சு. அதுதான் எனக்கு வசதியா இருந்துச்சு."

"குளிர்ந்தது, கழண்டது" என்றாள் டெக்னீஷியன். அவள் குரலில் கோபம் போய் வேறொன்று வந்திருந்தது. கண் அந்த வியர்த்த மூடியிலேயே இருந்தது. "சாய்ச்சப்போ தண்ணியோட மேல போயிருக்கு. நான் அடியையே பார்த்தேன். செல்லுன்னா அடியிலதான் இருக்கும்னு இருபது வருஷப் பழக்கம்." யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் கையுறையை மாட்டினாள்.

சுத்தக்காற்று மேடைக்குள் அவள் மூடியை மெல்லத் தூக்கித் திருப்பினாள். நீர்த்துளிகளுக்கு நடுவே, ஊறிய வெங்காயச் சருகு போல, அது சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மூச்சு விட மறந்து நின்றார். இவ்வளவூண்டு சமாசாரத்தில் ஒரு மனிதரின் பார்வை தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது. அவள் இளஞ்சிவப்புத் திரவத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டாள். படலம் அசைந்தது, அவிழ்ந்தது, மிதந்தது. ஓரத்தில் நூலளவு நறுக்கி நீலச் சாயத்தில் போட்டாள்.

"செத்த செல்தான் நீலமாகும்" என்றாள், மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி. நிமிடங்கள் நகர மறுத்தன. பிறகு நிமிர்ந்தாள். "அங்கங்க நாலஞ்சு நீலம். மத்ததெல்லாம் உயிரோட இருக்கு. கிருமியும் இல்லை. ஈரம் காயாததால பிழைச்சுது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க."

மூன்று மணிக்குப் படலம் வட்டக் காகிதத்தில் ஏறி உள்ளே போயிற்று. நாலரைக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்து, "ஒட்டிக்கிச்சு, கண்ணு மூடியாச்சு. பார்வை எவ்வளவு வரும்னு கட்டு பிரிச்சாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேட்டரிக்காரரின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்தபோது எதிரே டெக்னீஷியன் நிற்பதைப் பார்த்து அவள் உடம்பு விறைத்தது.

அக்கா தலைமை டாக்டரைப் பார்க்கவில்லை. மெக்கானிக்தான் பார்த்தார். இவர் இப்போது சொல்லாவிட்டால் நானே போட்டு உடைத்துவிடுவேன் என்று ஓரடி முன்னே வைத்தார். ஆனால் டாக்டரே நடந்து போனார்.

"அவங்க திருடலைம்மா. தப்பு என்னுது. நான்தான் தட்டை வெளிய எடுத்து வெச்சு மறந்தேன். பழியை அவங்க மேல போட்டேன். கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது அவங்க."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தப்போகிறாள் என்றுதான் மெக்கானிக் நினைத்தார். ஆனால் அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"காலையில இருந்து இருந்த திட்டையெல்லாம் இந்தப் பொண்ணுக்கே திட்டித் தீர்த்துட்டேனே, டாக்டர்" என்றாள். "உங்களுக்குன்னு என்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இல்லையே."

டாக்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் டெக்னீஷியனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டாள். டெக்னீஷியன் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், "உள்ள போங்கம்மா. அவருக்கு மயக்கம் தெளிஞ்சுடுச்சு. உங்களைத்தான் கேட்கறார்" என்றாள்.