பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவும்

"நீ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன். அழிச்சு விடு, வந்து பாத்துக்கலாம்."

"எழுதி வெச்சுட்டுத்தான் அழிக்கணும். அதுதான் முறை."

"பேஷன்ட் நல்லாத்தான் இருக்கான், டாக்டரம்மா."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. சொன்னவன் லாரி டிரைவர். எழுதி வைக்க வேண்டும் என்றவள் அவன் மனைவி. லாரிப் பட்டறையில் ஸ்கேன் கருவியை மாட்டி எஞ்சினின் நோயைப் படித்துச் சொல்வது அவள் வேலை. 'டாக்டரம்மா' என்ற பெயரை முதலில் வைத்தவன் அவன்தான். பிறகு பட்டறை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

அன்று டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்க பிரேக்கில் காற்றழுத்தம் குறைகிறது என்றது கருவி. குறைந்ததா என்று மேஸ்திரி பார்த்தபோது அழுத்தம் சரியாக இருந்தது. லோடு காத்திருந்தது. அந்தப் பிழையின் எண்ணை எழுதி வைக்காமலே அவள் அதை அழித்துக் கொடுத்தாள். விளக்கு அணைந்தது. வழக்கம்போல் அவன் ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை உறுமவிட்டுக் கிளம்பினான். அதுதான் அவன் போய்வருகிறேன் என்று சொல்லும் விதம்.

மலையிறக்கத்தின் ஏழாவது வளைவில் பிரேக்கில் காற்று இல்லை. அவன் திரும்பி வரவில்லை.

அழித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேன் கருவியையும் அதன்பின் தொடவில்லை. உதிரிபாகக் கவுண்டருக்கு மாறிக்கொண்டாள். கேட்டவர்களிடம் கண் வலி என்றாள்.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. கல்யாணமான புதிதில் அவன் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. 'என் பொண்டாட்டி ஒரு நாளும் போகாதேன்னு சொல்ல மாட்டா' என்றான். அந்தப் பெருமையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பதினோரு வருஷம், ஒவ்வொரு தடவை வண்டி உறுமும்போதும் ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

இப்போது அந்த லாரி பட்டறைக்குள் நின்றது.

அவன் தம்பி, அவளுடைய கொழுந்தன், அதை விற்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் புதுப்பித்திருந்தான். புது முகப்பு, புது பிரேக் கம்ப்யூட்டர், புது வயரிங். முகப்புக்குள் பழையதில் மிஞ்சியது டிரைவர் சீட் மட்டும்தான். காற்றடைத்த சீட் அது. யாராவது உட்கார்ந்தால் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு இறங்கும், எழுந்தால் மெல்ல மேலே வரும். அண்ணன் உட்கார்ந்த சீட் என்று தம்பி அதை மாற்ற விடவில்லை.

முதல் சவாரி அன்று மாலை ஐந்து மணிக்கு. அதே மலைப்பாதை, முழு லோடு டைல்ஸ். மூன்றரைக்கு எஞ்சின் ஓடியது. வண்டி மட்டும் நகரவில்லை. சக்கரம் எட்டும் இறுகிக் கிடந்தன. பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், வண்டிக்கு மாமியார் வீட்டை விட்டு வர மனசில்லை என்று கேலி பேசினார். கடைசியில் டாக்டரம்மாவிடம் வந்து நின்றார். புதுக் கருவி வந்து பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அதை மாட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, கண் வலியைக் கொஞ்சம் ஒத்திப்போடக் கூடாதா என்று கேட்டார்.

வெளியே மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் அது விழுந்த ஓசையில் மற்ற சத்தமெல்லாம் மங்கிப்போயின. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

முதல் வேலை கருவியைத் தயார்செய்வது. திரையின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தாள். மொழி கேட்டது, தமிழைத் தொட்டாள். பட்டறையின் பெயர் கேட்டது, அடித்தாள். அதன் தமிழ் சிரிப்பு மூட்டியது. ஸ்டீயரிங்கைத் 'திசைதிருப்பி' என்றது. கணவர் இருந்திருந்தால் வாரம் முழுக்க இதையே சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு நின்றது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே வட்டமான சாக்கெட். கையை நீட்டி இணைப்புப் பெட்டியைச் செருகித் திருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பச் சொன்னது, திருப்பினாள். வண்டியின் எண்ணைக் கருவி தானாகவே படித்தது. 'இந்த வாகனம் இக்கருவிக்குப் புதியது' என்றது. நிம்மதியாக இருந்தது. கருவியும் புதிது, கம்ப்யூட்டரும் புதிது. பழையது எதுவும் இதற்குத் தெரிய வழியில்லை.

எல்லா அமைப்புகளையும் சோதிக்கும் கோடு ஊர்ந்தது. எஞ்சின், சரி. கியர், சரி. பிரேக்கில் வந்து நின்றது.

ஒரே ஒரு பிழை. பின்பக்கக் காற்றழுத்தம் குறைவு.

அதே எண். எழுதி வைக்காத எண். ஆனாலும் இரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் தெரியும் எண்.

பிழை ஏற்பட்ட நேரத்தின் நிலவரத்தைக் கருவி கீழே காட்டியது. வேகம் தொண்ணூற்று நான்கு. காற்றழுத்தம் பூஜ்யம். பிரேக் மிதி நூறு சதவீதம்.

இந்தக் கம்ப்யூட்டர் பொருத்திய பிறகு வண்டி ஒரு அடிகூட ஓடவில்லை.

அவள் அந்த மூன்று வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசி வரை மிதித்திருக்கிறார். முழுக்க மிதித்திருக்கிறார்.

அப்போதுதான் வாசனை வந்தது. பிரேக் லைனிங் காய்ந்து கருகும் வாசனை. நகராத வண்டியில் அது வரக் கூடாது.

ஜன்னலில் தட்டும் சத்தம். கொழுந்தன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றான். என்ன காட்டுகிறது என்று கேட்டான். கண்ணாடியை இறக்கி, காற்றழுத்தப் பிழை என்றாள். மேஸ்திரி அழுத்தம் பார்த்தாயிற்று, முள் சரியாக நிற்கிறது என்றான் அவன். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அழிச்சு விடுங்க அண்ணி. வந்து பாத்துக்கலாம்."

அண்ணன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

அவன் லோடின் கயிற்றை இறுக்கப் போய்விட்டான். திரையின் அடியில் 'அழி' என்ற பொத்தான் மினுங்கியது. மணி நாலேகால். முதல் சவாரி, லோடுக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்வதைவிடப் பொத்தானைத் தொடுவது எளிது.

தொட்டாள்.

கருவி கொஞ்ச நேரம் யோசித்தது.

'அழிக்க இயலவில்லை. பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவும்.'

அவள் பக்கத்து சீட்டில் இருந்தாள். அவள் கால்கள் அவள் பக்கத்திலேயே இருந்தன.

மறுபடி தொட்டாள்.

'பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவும்.'

திரையின் மூலையில் அந்த நிமிஷத்தின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் மிதி, நூறு சதவீதம்.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

மிதி தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

சீட் இறங்கியிருந்தது.

ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து. முதுகுவலிக்காக அவன் எப்போதும் அப்படித்தான் சாய்ந்து உட்காருவான். மழைச் சத்தத்துக்குள்ளே, மிக அருகில், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. முழு பலத்தையும் ஒரே காலில் வைத்து, ஏதோ ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறவரின் மூச்சு.

அவளுக்குக் கத்த வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது. இந்த வண்டி ஏன் நகரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் மற்றவர்கள் அதைக் கோளாறு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். கொழுந்தன் நேரமாகிறது என்று கையை நீட்டினான். அவள் சாவியைத் தரவில்லை.

"நான் அழிக்க மாட்டேன், தம்பி. உங்க அண்ணனுக்கு அழிச்சுக் கொடுத்தேன். இதே பிழைதான். எழுதிக்கூட வெக்கல."

அவன் கையிலிருந்த கயிறு நழுவியது. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மேஸ்திரிதான் முதலில் அசைந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் புகுந்தார். பின்பக்கக் காற்று வால்வைக் கழற்றிக் கொண்டுவர இருபது நிமிஷம் ஆயிற்று.

உள்ளே இருந்த பழைய ரப்பர் வட்டத்தை விரலால் வளைத்துக் காட்டினார். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. இறக்கத்தில் சூடேறினால் இது வாயைப் பிளந்திருக்கும் என்றார். பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னது அவளுக்காகத்தான். அவள் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொழுந்தன் டயரின் மேல் உட்கார்ந்து அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து, இன்றைக்கு வண்டி வராது என்று லோடுக்காரரிடம் சொன்னான். பேசி முடித்தவன் அவளைப் பார்த்தான்.

"இத்தனை நாளா இதைத் தனியாவா மனசுல வெச்சிருந்தீங்க, அண்ணி?"

அவள் தலையசைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேஸ்திரி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, பிரேக் விளக்கு அணைந்துவிட்டது, சுவிட்ச் தானாகவே விட்டுக்கொடுத்தது போலிருக்கிறது என்றார்.

கருவியைக் கழற்ற அவள் மட்டும் திரும்ப ஏறினாள்.

மிதி மேலே வந்திருந்தது. திரையில் பிரேக் மிதி பூஜ்யம். கருகல் வாசனை போய், மழை நனைத்த இரும்பின் வாசனை மட்டும் இருந்தது. இணைப்புப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டியபோது எஞ்சின் உறுமியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

புஸ்ஸென்ற ஓசையோடு டிரைவர் சீட் மெல்ல மேலே எழத் தொடங்கியது. பள்ளம் ஓரத்திலிருந்து நிறைந்துகொண்டு வந்தது. வேலை முடிந்த ஆள், அவசரமில்லாமல் எழுந்திருக்கிற மாதிரி.

கதவு திறந்துதான் இருந்தது. இறங்கி ஓடியிருக்கலாம். எட்டிக் கூப்பிட்டால் ஆட்கள் வந்திருப்பார்கள். ஆனால் பதினோரு வருஷமும், அதற்குப் பின் இரண்டு வருஷமும் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிய அந்தச் சொல் இந்தத் தடவை திரும்பவில்லை.

"போகாதீங்க."

பாதி எழுந்த சீட் அப்படியே நின்றது.

பிறகு, நீளமான ஒரு பெருமூச்சோடு, அவள் கண் முன்னால் மறுபடியும் கீழே இறங்கியது.