ஆறாத சூளை

"ஜட்ஸன், எல்லாம் போச்சு. ஒண்ணுகூட மிஞ்சல."

ஞாயிற்றுக்கிழமை காலை. உணவுக்கூடத்தில் ஜட்ஸன் வீச் தன் வாஃபிள்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டிருந்தபோது லெனோரா எதிரில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. முழங்கால்வரை சேறு. வெர்மாண்டில் பனி உருகும் ஏப்ரல் மாதத்தில் யார் கால்தான் சுத்தமாக இருக்கும்?

டார்லோ கல்லூரி சிறியது. ஒருவன் தும்மினால் மூன்று விடுதிகளுக்கும் கேட்கும். ஜட்ஸன் தத்துவம் படிக்கும் இறுதியாண்டு மாணவன். பிர்ச் விடுதிக்கு மாணவர் தலைவன். எது காணாமல் போனாலும் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள். அவனுடைய அறைத்தோழன் எஸ்ரா, மாணவர் பத்திரிகையின் ஆசிரியன். வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் எழுந்துவிட்டான்.

"யாருன்னு சொல்லு லெனோரா, கிழிச்சு முதல் பக்கத்துல போட்டுடறேன்!"

"முதல்ல உக்காரவிடுடா அவளை" என்றான் ஜட்ஸன்.

லெனோரா சொன்னாள். இறுதியாண்டுக் கண்காட்சிக்காக ஒரு வருடம் உழைத்துச் செய்த மண் ஜாடிகள். சனிக்கிழமை மதியம் மின்சூளையை அணைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் ஆறினால்தான் திறக்கலாம். காலையில் போனால் சூளைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே எல்லாம் விரிசல். சூடாக இருக்கும்போதே யாரோ திறந்திருக்கிறார்கள். கண்காட்சி இல்லையென்றால் மே மாதம் பட்டம் இல்லை.

"சூளைக் கொட்டகையோட பூட்டு எண் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, காரெட்டுக்கு, டாம்சினுக்கு. அவ என் ரூம்மேட், கேக்கவே வேணாம்."

மூவரும் போனபோது கொட்டகை வாசலில் சேறு அப்பிய மரச்செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. எஸ்ரா அதைத் தூக்கிப் பிடித்தான்.

"காரெட்டோடது! கண்காட்சிப் பரிசுக்கு இவளோட மல்லுக்கு நிக்கிறவன். முடிஞ்சுது கேஸ்."

ஜட்ஸன் சூளைக்குள் கைவிட்டு ஒரு ஜாடியைத் தொட்டான். பனிக்கட்டிபோல் சில்லென்றிருந்தது. "காலையில நீ தொட்டப்பவும் இப்படித்தானா?"

"ஆமா. ராத்திரியே ஆறிப்போயிருக்கும்."

அப்போது டாம்சின் ஓடிவந்தாள். லெனோரா அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். வந்ததும் தோழியைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் விழும் முடியைக் கோணல்மாணலாகக் கத்தரித்திருந்தாள்.

"என்ன டாம்சின், எலி கடிச்சுதா?" என்றான் எஸ்ரா.

"கத்தரிக்கோல் மொக்கைடா. இப்ப அதுவா முக்கியம்?" அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி லெனோரா. டிங் டிங்னு ஒவ்வொண்ணா உசிரை விடறது என் காதுலயே இருக்கு."

ஜட்ஸன் அவளை ஒரு நொடி பார்த்தான்.

மாலையில் பிர்ச் விடுதியின் பொதுக்கூடத்தில் நால்வரையும் உட்காரவைத்தான். காரெட் தாடியை நீவியபடி முறைத்தான்.

"செருப்பை நேத்து சாயங்காலமே அங்கதான் விட்டேன். எப்பவும் அங்கதான் விடுவேன். என்னைத்தானே சந்தேகப்படறீங்க?"

"இல்ல" என்றான் ஜட்ஸன். "உன்னோட ரெண்டு கிண்ணமும் உள்ளதான் இருந்துச்சு. அதுவும் போச்சு. இன்னொண்ணு கேக்கறேன். சூடா இருக்கிற சூளையை நீ எப்படித் திறப்ப?"

"ஒதுங்கி நின்னுதான். நேரா நின்னா அனல் மூஞ்சிலேயே அடிக்கும். புருவம் பொசுங்கிடும்."

"பழக்கமில்லாதவங்க நேரா நிப்பாங்க. முன்னாடி தொங்கற முடி பொசுங்கும். அப்புறம் அதை வெட்டித்தான் ஆகணும்."

எஸ்ராவின் பேனா நின்றது.

"லெனோரா, ஜாடி விரிசல் விடும்போது சத்தம் வருமா?"

"வரும். சூட்டுல குளிர்காத்து பட்டா மணி மாதிரி டிங் டிங்னு..." அவள் பாதியில் நிறுத்தினாள். மெல்லத் திரும்பினாள். "ஆறினப்புறம் ஒரு சத்தமும் வராது."

"காலையில நாம பாத்தப்போ சத்தமே இல்ல. அந்தச் சத்தம், திறந்தவங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்."

லெனோரா சிரிக்க முயன்றாள். "டாம்சின், ஏதாவது சொல்லுடி. அவன் உளர்றான்னு சொல்லு."

டாம்சின் தரையைப் பார்த்தபடி, "நியூ மெக்ஸிகோவுக்கு எப்ப கெளம்பற?" என்று கேட்டாள்.

லெனோராவின் முகம் வெளுத்தது.

"உங்க புரொஃபசர் வாழ்த்து சொல்றார்டி என்கிட்ட. 'உன் ஃபிரெண்டுக்கு அங்க பட்டறையில இடம் கெடைச்சிருச்சே, ரொம்ப சந்தோஷம்'னு. பிப்ரவரியிலயே கெடைச்சுதாமே! நாம பர்லிங்டன்ல வீடு எடுக்கப்போறோம்னு நான் லா ஸ்கூல் சீட்டையே வேணாம்னு எழுதிட்டேன். நீ பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, சமையலறைக்கு என்ன கலர் அடிக்கலாம்னு என்கிட்ட பேசிக்கிட்டிருந்த."

"சொல்லணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு..."

"பட்டம் வரலேன்னா நீ போகமாட்டன்னு நெனைச்சேன். நேத்து ராத்திரி எல்லாரும் சாப்பிடப் போனப்போ போய்த் திறந்தேன். சத்தம் கேட்டதும் மூடிடலாம்னு கை வெச்சேன். மூடல."

எஸ்ரா தான் எழுதியதைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். காரெட் எழுந்து வெளியே போய்விட்டான்.

"டீன்கிட்ட நீயே சொல்றியா?" என்று கேட்டான் ஜட்ஸன். டாம்சின் தலையசைத்தாள்.

அடுத்த வாரமே அவளைக் கல்லூரி ஒரு பருவத்துக்கு நீக்கியது. லெனோராவுக்கு டிசம்பர்வரை அவகாசம் கிடைத்தது. நியூ மெக்ஸிகோ அதுவரை காத்திருக்கவில்லை. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் லெனோரா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "விடுதியில காலி ரூம் ஏதாவது இருக்கா?"

மூன்றாவது மாடியில் ஒன்று இருந்தது. ஜட்ஸனும் எஸ்ராவும் அவள் மெத்தையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். தோழிகள் இருவரும் இருந்த அறையின் கதவு தானாக மூடிக்கொள்ளும் ரகம். டாம்சின் வந்து முதுகால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெத்தை போனது, விளக்கு போனது, போர்வை போனது. கடைசியாக லெனோரா அவளை உரசாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.