பதினொரு மணியில் வெட்டிய கோடுகள்

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத தொழிற்சாலை ஆய்வாளர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து முந்தாநாள் பிணமாக எடுக்கப்பட்டவனின் மனைவி. குடித்துவிட்டுச் சாயங்காலம் விழுந்தான் என்கிறார்களாம் பட்டறைக்காரர்கள். அவன் சாராயத்தைத் தொட்டதே இல்லையாம்.

"நாளைக்கு என் தம்பிய பக்கத்துத் தொட்டிய சுத்தம் பண்ண இறக்குறாங்க சார்."

அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

பட்டறை மேஸ்திரி நிதானமாகவே சொன்னார். எட்டு மணிக்கு மோட்டார் போட்டு இறைக்கத் தொடங்கினார்கள். மட்டம் தாழ்ந்ததும் இறந்தவன் உள்ளே இறங்கிச் சகதி வழித்தான். பன்னிரண்டுக்குத் தொட்டி காலியானதும் ஏறி வந்தான். பன்னிரண்டரைக்கு வால்வைத் திறந்து புதுக் கழிவை விட்டார்கள். பதிவேட்டை நீட்டினார். நீர்மட்டம் எட்டு மணிக்கு எட்டடி, ஒன்பதுக்கு ஆறு. மாலை நான்குக்கு ஏழு, ஐந்துக்கு எட்டு.

"கணக்கு கச்சிதமா இருக்கே சார்," என்றான் ஜீப் டிரைவர். துப்பு துலக்குவதில் அவனுக்குத் தன் வண்டியைவிட வேகம்.

"வரைஞ்சு பாக்காத வரைக்கும்."

ஆய்வாளர் கட்டம் போட்ட தாளை விரித்தார். குறுக்கே மணி, நெடுக்கே அடி. ஒரே மோட்டார், ஒரே குழாய், வேகம் மாறாது. காலைக் கோடு மணிக்கு இரண்டடி இறங்கியது. மாலைக் கோட்டை டிரைவர் ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி இழுத்தான், மணிக்கு ஓரடி.

"காலியா இருந்ததா சொன்ன பன்னெண்டு மணிக்கு மூணடி நிக்குது சார்!"

"இன்னும் இழு."

பதினொரு மணியில், இரண்டடி உயரத்தில், கோடுகள் வெட்டிக்கொண்டன. மேஸ்திரி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாலை அளவை அடுத்த ஷிப்டுக்காரனும் பார்ப்பான் என்பதால் மாற்றாமல் எழுதியிருந்தார். நேரத்தில் மட்டுமே பொய்.

"வால்வு திறந்தது பதினொண்ணுக்கு. அவன் ஏறினது பன்னெண்டுக்குன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப பதினொண்ணுக்கு எங்கய்யா இருந்தான்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

புதுக் கழிவோடு வரும் விஷவாயு ஆளை நாலு மூச்சில் சாய்க்கும். பிறகு மூழ்க முழங்கால் தண்ணீரே போதும். வாசலில் நின்ற பெண் உள்ளே வந்தாள்.

பட்டறையில் சாயக்கழிவு தேங்கிவிட்டது, தொட்டிக்குள் ஆள் இருப்பதைப் பார்க்காமல் திறந்துவிட்டேன் என்றார் மேஸ்திரி. பிறகு குரல் தாழ்ந்தது. "ஆள் இறங்கினா வால்வப் பூட்டணும். பூட்டே கிடையாது சார். இருக்குன்னு போன மாசம் ஆய்வு அறிக்கைல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

ஆய்வாளர் பக்கத்துத் தொட்டிக்குச் சீல் வைத்தார். நாளை யாரும் இறங்கப்போவதில்லை.

"அவரு என்ன சார் சொல்றாரு, கையெழுத்துன்னு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஜீப் கிளம்பியது. அந்தக் கேள்விக்கான பதிலை அவர் அவளுக்குக் கடன்பட்டிருந்தார். அன்று கொடுக்கவில்லை.