கரை ஓட்டும் கறி பிரியாணியும்

ஃபோன் அலறியது!

கிஷோர் எடுக்கவில்லை. முதல் மணிக்கே எடுத்தால், காத்துக் கிடந்தவன் என்று தெரிந்துவிடும். அலறட்டும்... இன்னும் கொஞ்சம் அலறட்டும்...

எடுத்தான். மத்தியானத் தூக்கக் கலக்கத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டான்.

"ஹலோ..."

"கிஷோர்!" கூட வேலை பார்க்கும் தீபிகா. குரல் உடைந்திருந்தது. "உடனே ஆஃபீஸுக்கு வா... சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே... வாயெல்லாம் நுரை... ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சுடா!"

"ஐயையோ! யாருக்கு?"

பதில் வரவில்லை. விசும்பல்தான் வந்தது. லைன் கட்!

பதில் எதற்கு? யாரென்று அவனுக்குத் தெரியாதா? பிரியாணியில் பொடியைக் கலந்தவனே அவன்தானே!

கண்ணாடியைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. கையால் துடைத்தான், போகவில்லை. தண்ணீரை அள்ளி அடித்து, சோகத்தை ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

ரெமிஜியஸ் செத்தான்... ரெமிஜியஸ் செத்தான்... வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் சிக்கி நின்றதுகூட அன்றைக்கு அவனுக்கு இனித்தது.

ஏன் இத்தனை சந்தோஷம்? சொல்கிறேன்.

கிஷோர் வேலை பார்ப்பது ஒரு தேர்தல் ஆலோசனைக் கம்பெனியில். பெங்களூரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்துகொண்டு, தமிழ்நாட்டுத் தொகுதிகளில் யாரை எப்படி ஜெயிக்க வைப்பது என்று சொல்லிக் கொடுக்கிற கம்பெனி. இப்போது அவர்கள் கையில் இருப்பது மணவாய்த்துறை. கடலோரத் தொகுதி. வேட்பாளர் உத்தமன். அந்தத் தொகுதியில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டில் வாழை மண்டி வைத்திருக்கும் பெரிய கை.

மணவாய்த்துறையைக் கரைத்துக் குடித்தவன் கிஷோர். எந்த பூத்தில் எத்தனை ஓட்டு, எந்த வருஷம் யார் ஜெயித்தார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். என்ன ஒன்று... கிருஷ்ணகிரிக்காரன். அந்தக் கடலை லேப்டாப்பில்தான் பார்த்திருக்கிறான்.

அப்போது வந்து சேர்ந்தான் ரெமிஜியஸ்.

மணவாய்த்துறைக் கரையிலேயே பிறந்தவன். மீனவர் மகன். "எங்க ஊர்ல..." என்று அவன் ஆரம்பித்தால் போதும், முதலாளி வெங்கடராமன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். தீபிகா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். கிஷோர் பேசும்போது அதே தீபிகா ஃபோனை நோண்டுவாள்.

வயிறு எரிந்தது கிஷோருக்கு. ரெண்டு வருஷ உழைப்பை ஒருத்தன் ரெண்டு கதை சொல்லித் தட்டிக்கொண்டு போனால் எரியாதா?

போன மாசம் மீட்டிங்கில், "உத்தமன் சாரோட அப்பா ஏன் தோத்தார்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ரெமிஜியஸ் ஆரம்பித்தான். தீபிகாவின் கை கன்னத்துக்குப் போனது. கிஷோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இவன் விடுகிற கதையைக் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா!

மணவாய்த்துறைக்குப் பிரச்சாரத் தலைவர் யார் என்று திங்கட்கிழமை அறிவிப்பார்கள். ரெமிஜியஸ்தான் என்று ஆஃபீஸே பேசியது. அந்த நாற்காலிக்காகத்தான் கிஷோர் ரெண்டு வருஷமாகத் தூக்கம் கெட்டான்.

திங்கள் வரைக்கும் ரெமிஜியஸ் இருந்தால்தானே!

வெள்ளிக்கிழமைகளில் கிஷோருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆஃபீஸில் மற்றவர்களுக்கு அன்றைக்கு அடுகோடி ஏரியாக் கடையிலிருந்து சாப்பாடு வரும். டப்பா மேல் பேர் எழுதி பேன்ட்ரியில் அடுக்கிவிடுவார்கள். இன்றைக்குக் காலையில் அதே கடையில் ஒரு மட்டன் பிரியாணி வாங்கினான். பொடியைக் கலந்தான். மார்க்கரில் 'ரெமி' என்று எழுதினான். "சார்ஜரை மறந்துட்டேன்" என்று ஆஃபீஸுக்குப் போய், டப்பாக்களோடு டப்பாவாகச் சொருகிவிட்டு வந்துவிட்டான்.

அவ்வளவுதான் வேலை!

ஆறாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்தது.

எதிரே நின்றுகொண்டிருந்தான்... ரெமிஜியஸ்!

 கிஷோர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"நீ... நீ..."

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உனக்கு விஷயமே தெரியாதா?" ரெமிஜியஸ் அவன் தோளில் கை போட்டான். கண் சிவந்திருந்தது. "உத்தமன் சார்டா... நம்ம கேண்டிடேட்! ஊர்லேருந்து வெங்கடராமன் சாரைப் பாக்க வந்தாரு. என் கண்ணு முன்னாடியே போயிட்டாருடா!"

உத்தமனா!

ரெமி பேர் எழுதின டப்பா அவர் கைக்கு எப்படிப் போனது? 

"கிஷோர் யாரு? நீங்களா?"

பின்னாலிருந்து குரல். காக்கி. இன்ஸ்பெக்டர் ரக்ஷா. கன்னடக்காரி, அடுகோடியில் தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்தவள். தமிழைத் தண்ணீர் மாதிரி பேசுவாள்.

"பன்னி..." என்று கன்னடத்தில் கூப்பிட்டுவிட்டு, தமிழுக்கு மாறினாள். "உள்ள வாங்க. எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

மீட்டிங் ரூம். மூலையில் வெங்கடராமன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தீபிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸும் வந்து நின்றான்.

கிஷோரின் மூளை அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. செத்தது வேட்பாளர். வேட்பாளர் செத்தால் யார் மேல் சந்தேகம் வரும்? எதிர்க்கட்சி மேல்! தப்பித்தேன்டா சாமி!

"அரசியல் கொலை மேடம்!" என்றான் முந்திக்கொண்டு. "மணவாய்த்துறை லேசுப்பட்ட தொகுதி இல்ல."

"ஹவுதா... அப்படியா?" ரக்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அந்த ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் சொல்லுங்க, கேக்கறேன்."

ஆகா! கேட்கிறேன் என்கிறாள்! ரெமிஜியஸ் பக்கத்தில் நிற்கும்போதே இவனைப் பார்த்துக் கேட்கிறாள்! கிஷோர் நெஞ்சை நிமிர்த்தினான்.

"கரையில பன்னெண்டு மீனவ ஊர் மேடம். அத்தனையும் கத்தோலிக்கர். ஊர்க்கமிட்டி கூடி இன்னாருக்குன்னு முடிவு பண்ணிட்டா, மொத்தமா ஒரே பக்கம் விழும். உள்நாட்டுல விவசாயிங்க. தலை எண்ணிக்கை அங்கதான் ஜாஸ்தி. ஆனா சாதிக்கு ஒரு ஆள் நிப்பான், ஓட்டு சிதறிடும். நடுவுல பஜார். முஸ்லிம் வியாபாரிங்க. கடைசி நாள் வரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க."

"ஆமா... ஆமா..."

"முதல் எலெக்ஷன்ல ஒரு உப்பள முதலாளி சுயேச்சையா நின்னு ஜெயிச்சார். உப்பளத்துல வேலை பாத்த அத்தனை பேரும் அவருக்குத்தான் போட்டாங்க. அவருக்கப்புறம் கரைக்காரங்க கைதான் ஓங்கி இருந்துச்சு. அவங்களை அமுக்கறதுக்குன்னே தொகுதியைத் திருத்தி வரைஞ்சு, உள்நாட்டுல ரெண்டு ஒன்றியத்தைச் சேத்துவிட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அப்பவும் முடியல மேடம்! கரை யார் பக்கமோ, சீட் அவங்களுக்குத்தான்."

தீபிகா தலையைத் தூக்கி அவனையே பார்த்தாள். பார்க்கட்டும்! இத்தனை நாள் எங்கே போச்சு இந்தப் பார்வை?

"பரவாயில்லையே! நல்லாப் படிச்சிருக்கீங்க," என்றாள் ரக்ஷா. "உத்தமனோட அப்பாகூட ஒருதடவை நின்னாராமே?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல மேடம். டெபாசிட் போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"கூட்டணி கடைசி நேரத்துல உடைஞ்சிடுச்சு. உள்நாட்டு ஓட்டு மூணாப் பிரிஞ்சுது. சிம்பிள்!"

"வேற காரணம் எதுவும் இல்லையா?"

"சான்ஸே இல்ல மேடம். நம்பரை வெச்சுச் சொல்றேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இந்தத் தொகுதியில எனக்குத் தெரியாத சமாச்சாரமே கிடையாது!"

 வெங்கடராமன் தலையிலிருந்து கையை எடுத்தார். ரக்ஷா மெல்லத் திரும்பினாள்.

"தீபிகா... நீங்க சொல்லுங்கம்மா. ஏன் தோத்தாரு?"

"பிரியாணி, மேடம்."

"வெங்கடராமன் சார்?"

"பிரியாணிதான் மேடம்."

கிஷோருக்குப் புரியவில்லை. பிரியாணியா? என்ன பிரியாணி?

"ரெமிஜியஸ், அந்தக் கதையை இன்னொருதடவை சொல்லிடுங்க. இவர் கேக்கலை போல இருக்கு."

ரெமிஜியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த எலெக்ஷன் தவக்காலத்துல வந்துச்சு மேடம். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள். அதுல வெள்ளிக்கிழமை நாங்க கறியே தொட மாட்டோம். பெரியவர் அது தெரியாம, ஒரு வெள்ளிக்கிழமை பன்னெண்டு ஊருக்கும் அண்டா அண்டாவா மட்டன் பிரியாணி இறக்கிட்டாரு. ஓட்டுக்காக எங்க நோன்பைக் கெடுக்க வந்திட்டான்னு கரையே கொதிச்சுப் போச்சு. ஒரு பருக்கையை ஒருத்தரும் தொடல. கமிட்டி கூடிச்சு... மொத்த ஓட்டும் எதிராளிக்குப் போயிடுச்சு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி மேடம். இதுவும் தவக்காலம்தான்."

கிஷோர் மெல்லக் கதவுப் பக்கம் பார்த்தான்.

"நோடி... பாருங்க கிஷோர்..." ரக்ஷா எழுந்தாள். "பேன்ட்ரியில ரெமிஜியஸ் பேர்ல ரெண்டு டப்பா இருந்துச்சு. ஒண்ணு தயிர் சாதம், தீபிகா ஆர்டர் பண்ணது. இன்னொண்ணு மட்டன் பிரியாணி, யாருமே ஆர்டர் பண்ணாதது! இவர் தயிர் சாதத்தைச் சாப்பிட்டார். பிரியாணி வீணாப் போகுதேன்னு, பசியோட வந்த உத்தமனுக்குக் குடுத்தார். அப்படின்னா விஷம் யாருக்கு வெச்சது?"

"எ... எனக்கெப்படித் தெரியும்?"

"ரெமிஜியஸுக்கு! ஆனா இந்த ஆஃபீஸ்ல யாரும் இவருக்கு இன்னைக்குப் பிரியாணியில விஷம் வெக்க மாட்டாங்க. தொட மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை எல்லாரும் கேட்டாங்க. வெள்ளிக்கிழமையானா இவர் தயிர் சாதம் சாப்பிடறதையும் பாக்கறாங்க. அப்போ வெச்சவன் யாரு? கதையைக் கேக்காதவன்... வெள்ளிக்கிழமை ஆஃபீஸுக்கு வராதவன்... இன்னைக்கு மட்டும் வந்துட்டுப் போனவன்!"

"சார்ஜர்... சார்ஜர் எடுக்கத்தான் மேடம் வந்தேன்..."

"கையில ஒரு பையோட உள்ள வந்தீங்க, வெறுங்கையோட வெளிய போனீங்க. லாபி கேமராவுல பாத்தேன். சார்ஜரை எங்க வெச்சு எடுத்துட்டுப் போனீங்க? அடுகோடி கடைக்காரருக்கு உங்க ஃபோட்டோவை அனுப்பினேன். காலையில முதல் கிராக்கி நீங்கதானாம்!"

கிஷோர் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி இல்லாத இடத்தில்!

"ஏன்டா?" ரெமிஜியஸ் கிட்டே வந்தான். "நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

அந்த ஒரு கேள்வியில் வெடித்துவிட்டான் கிஷோர்.

"என்ன பண்ணியா? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியே! ரெண்டு வருஷம்டா! ராத்திரி பகல் பாக்காம நான் போட்ட உழைப்பு! நீ வந்து 'எங்க ஊர்ல'ன்னு ஆரம்பிச்சா, எல்லாரும் உன் மூஞ்சியையே பாத்தாங்க. நான்னு ஒருத்தன் இங்க இருக்கறதே யாருக்கும் தெரியல. திங்கட்கிழமை அந்தச் சீட்டுல நீ உக்காரறதை நான் பாக்கணுமா? முடியாது! என்னால முடியாதுடா!"

தீபிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெங்கடராமன் எழுந்து வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"அடப்பாவி... உத்தமன் இன்னைக்கு எதுக்கு வந்தார் தெரியுமா?"

கிஷோர் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க எல்லாருக்கும் ரெமியைப் போடணும்னுதான்டா இருந்துச்சு. உத்தமன் ஒத்துக்கல. 'கரைக்காரப் பையனைத் தலைவனாப் போட்டா உள்நாட்டுக்காரன் மூஞ்சியைத் திருப்பிப்பான். கிஷோர்னு ஒரு பையன் இருக்கானே, புள்ளிவிவரமெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கானே, அவனைப் போடுங்க'ன்னு என் ரூம்ல உக்காந்து ஒரு மணி நேரம் உனக்காகச் சண்டை போட்டார். நானும் சரின்னுட்டேன். 'கிஷோரை வரச்சொல்லுங்க, நானே அவன்கிட்ட சொல்றேன். அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன்'னு எழுந்து போனார்டா..."

 அந்த நாற்காலி... அவனுடைய நாற்காலி... இன்றைக்கு மத்தியானம் அரை மணி நேரம் அவனுக்கே சொந்தமாக இருந்திருக்கிறது!

கான்ஸ்டபிள் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். லிஃப்ட் வரைக்கும் நடந்தான் கிஷோர். பொத்தானை அமுக்கிவிட்டு ரக்ஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ எலெக்ஷன் பந்தோபஸ்து பாத்தாச்சு," என்றாள். "எல்லாரும் பிரியாணி போட்டு ஓட்டு வாங்குவாங்க... பிரியாணி போட்டு, தனக்கு விழுந்த ஒரே ஓட்டையும் கொன்னவன் நீ ஒருத்தன்தான்ப்பா!"