ஒரு கட்டில், இரண்டு தூக்கம்

மாலை ஐந்தரைக்கு நூலகத்திலிருந்து வந்த மாதங்கி கட்டிலில் கை ஊன்றினாள். மெத்தை சூடாக இருந்தது.

தில்லி கரோல் பாகில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த அறைக்கு ஒரே கட்டில்தான். இரவு மாதங்கிக்கு, பகல் டெல்பினுக்கு. மாதங்கி எம்.ஏ.; டெல்பின் நர்சிங் கடைசி வருடம், ஒரு மாதமாக இரவு வார்டு. ஒருத்தி எழுந்த சூட்டிலேயே மற்றவள் படுப்பாள். ஆனால் டெல்பினை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகிவிட்டது. காலையிலிருந்து அறை பூட்டிக் கிடந்தது.

ஜன்னலில் டிசம்பர்ப் பனிப்புகை அப்பியிருந்தது. ஈரச் சுவரின் வாடையும், போகாத டெட்டால் வாடையும், கீழே பராட்டாக் கடையின் கருகிய நெய்யும் அறைக்குள் தேங்கி நிற்க, சுருண்டு கிடந்த ரஜாய்ப் போர்வை மெல்ல ஏறி இறங்குவதுபோல அவளுக்குப் பட்டது.

செல்போன் அடித்தது. டெல்பினின் தம்பி ஆரோன், நாகர்கோவிலிலிருந்து.

"யக்கா, அம்மை கேக்கச் சொன்னா. அவ தூக்கத்துலயேதான் போனாளா?"

"ஆமாப்பா."

"வேதனப்படல்லியே?"

"நல்லாத் தூங்கினா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

பக்கத்தில்தான் இருந்தாள். தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்பது அந்த அறையின் ஒரே சட்டம். "செத்தாலும் எழுப்பாத, கேட்டியா? வார்டுல முப்பது பேரு எழுப்பியாச்சு, நீயும் தொடங்காத," என்று சொல்லித்தான் டெல்பின் சுவர்ப்பக்கம் திரும்புவாள். அன்று மாலை இருட்டும் நேரத்தில் ரஜாய்க்குள்ளிருந்து முனகல் வந்தது. கனவு காண்கிறாள், பாவம், என்று மாதங்கி விளக்கை அணைத்தாள். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று டூட்டி அலாரத்தையும் அணைத்தாள். தரையில் உட்கார்ந்து, தாள் புரளும் சத்தம்கூட இல்லாமல், செல்போன் வெளிச்சத்தில் நாலு மணி நேரம் படித்தாள். இருதயம் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் மாதங்கியால் இனி ஒரு ராத்திரிகூடக் கண்ணை மூட முடியாது.

போனை வைத்தாள்.

முனகல்.

சுவர்ப்பக்கம். ரஜாய்க்குள் ஒரு தோள். ஒருக்களித்த இடுப்பு.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது.

"எந்திரிடி," என்றாள். "டெல்பின், எந்திரிடி." தோளைப் பிடித்து உலுக்கினாள்.

திரும்பியது.

கண்கள் அகலத் திறந்திருந்தன. அவற்றில் பொட்டுத் தூக்கமில்லை. நீலம் பாரித்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

மாதங்கி. மாதங்கி. மாதங்கி.