குத்துவிளக்கில் இடித்த மதினி

விடிந்ததும் விடியாததுமாக உச்சிமாகாளி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி கல்யாணசுந்தரி! சம்பந்தி வீட்டாளுக கடம்பூரத் தாண்டியிருப்பாவ... நீ இன்னும் அடுப்படியக் கட்டிக்கிட்டு அழுவுதியே!"

உச்சிமாகாளியின் மகள் பூங்கொடிக்கு அன்று வளைகாப்பு. மாமியாரின் சத்தத்துக்குப் பயந்து, வளையல் தாம்பாளத்தோடு மருமகள் கல்யாணசுந்தரி கூடத்துக்கு ஓடிவந்தாள். குத்துவிளக்குக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துவிடலாம் என்று நினைத்தாள். மனதில் இருந்தது கல்யாணத்தன்றைய உடம்பு. நடந்து வந்தது தொண்ணூறு கிலோ உடம்பு. இடுப்பு இடித்து விளக்கு சாய்ந்தது. திரி அணைந்துபோனது.

"பொறாம பிடிச்சவளே! எம்மவ நல்லா இருக்கக்கூடாதுன்னுதான தட்டிவிட்ட? இனி நீ அவளுக்குக் காப்புப் போடக்கூடாது... உள்ள போ!"

"வேணும்னு செய்யல அத்தை... எடம் இருக்குன்னு நெனச்சேன்..."

"இத்தன வருசமாச் சுமக்குத ஒடம்பு, அது அளவு ஒனக்குத் தெரியாதாக்கும்!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். மாமனார் படுத்த படுக்கையானபோது, பூங்கொடியின் படிப்பு நிற்காமலிருக்கத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள் இவள்தான் என்பது ஒருத்திக்கும் ஞாபகமில்லை. பதினான்கு வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்தே உழைத்தால் உடம்பு என்ன கொடியாகவா இருக்கும்? இதையெல்லாம் கல்யாணசுந்தரி சொல்லிக்காட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை அகலமான அடுக்களை வாசலில்கூட ஒருக்களித்து நுழைந்தாள். சில நேரம் உடம்பு இருப்பதைவிடப் பெரிதாகவும் தோன்றும் அவளுக்கு.

மணையில் இருந்த பூங்கொடி எழுந்துவிட்டாள்.

"நிறுத்தும்மா! இந்த ஏழு மாசத்துல எனக்கே என் வயிறு எங்கன முடியுதுன்னு தெரியல. நேத்துக் கட்டில்ல இடிச்சேன். முந்தாநாள் தண்ணிக்குடத்த உருட்டிவிட்டேன். 'பாத்து நட தாயி'ன்னு தாங்குதீங்க. மதினி இடிச்சா மட்டும் பொறாமையா? மொதக் காப்பு மதினிதான் போடணும்... இல்லன்னா ஒருத்தரும் போட வேண்டாம்!"

உச்சிமாகாளி முதலில் போடும் வேப்பிலைக் காப்பை எடுத்துக்கொண்டு தானே அடுக்களைக்குப் போனாள்.

"நாக்கு தடிச்சுட்டு, ஏட்டி... வந்து நீயே போடு தாயி."

கூடத்துக்கு வந்ததும், மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தால் ஆள் பிடிக்காமல் எழ முடியாதே என்று கல்யாணசுந்தரி தயங்கினாள். பூங்கொடி மணைக்குத் திரும்பவில்லை. நின்றபடியே கையை நீட்டினாள்.

காப்பேறியதும் இருவருக்கும் அழுகை பொங்கியது. நேருக்கு நேர் கட்டிக்கொள்ள இரண்டு வயிறும் விடவில்லை. பக்கவாட்டில் நின்றுதான் கட்டிக்கொண்டார்கள்.