மூன்றாவது ஓலை

"இறுக்கிப் பிடின்னா பிடிக்கணும். டேப்பு என்ன துணிக்கொடியா, இப்படித் தொங்குது—"

"இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன், நீ அங்க நின்னு ஆட்டாம—"

"முப்பது வருஷம் சர்வேயரா இருந்தவனுக்கு அளக்கக் கத்துக்கொடுக்காதே."

"நீ அளந்த நிலத்துல பாதி இன்னும் கோர்ட்டுல நிக்குது அண்ணே."

அண்ணன் நாற்காலிக் கோபுரங்களுக்கு நடுவே டேப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் வாசல் கல்லில் குத்தவைத்து, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

இடித்த மாதா கோயிலில் மிச்சம் அந்தக் கல் ஒன்றுதான். கோயில் நின்ற இடத்தில் இப்போது விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவரின் குடோன். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் இங்கேதான் கல்யாணம் நடந்தது. அண்ணன் எங்கெங்கோ அலைந்து பழைய வரைபடம் ஒன்றைப் பிடித்திருந்தான். வாசல் கல்லிலிருந்து பீடத்துப் படி அறுபது அடி.

அந்தப் படி எனக்கு வேண்டியிருந்தது. என் மகளுக்காக.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பீடத்துப் படியில் நின்று ஓலை வாசிப்பார்கள். இருவர் பேரையும் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். என் மகளுக்கு இரண்டு தடவை நிச்சயமாகி, இரண்டு தடவையும் இரண்டாவது ஓலையோடு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் கைகழுவினார்கள். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. இது மூன்றாவது வரன். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது, நாளைக் காலை.

போன வாரம்தான் பழைய பதிவேட்டைப் பார்த்தோம். கொள்ளுத்தாத்தா பேருக்கு நேரே இரண்டு ஓலைத் தேதிகள். மூன்றாவது கட்டம் காலி. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாளே கல்யாணத்தை முடித்திருக்கிறார்கள்.

"என்ன அவசரமோ," என்றார் பதிவேட்டைக் காட்டிய குமாஸ்தா.

"எங்க தாத்தாவுக்கு வயித்துலேருந்து வெளியே வர அவசரமா இருந்திருக்கும்," என்றான் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. வாசிக்காமல் விட்ட அந்த ஓலைதான் சுற்றிச் சுற்றி என் பெண்ணிடம் வந்து நிற்கிறது என்று பட்டது. அதே இடத்தில் அதை வாசித்து முடித்துவிட்டால் விட்ட குறை தீர்ந்துவிடும்.

குடோன் காவலாளி கதவைத் திறந்துவிட்டதோடு சரி. உள்ளே வரவில்லை.

"சனிக்கிழமை அடுக்கிட்டுப் போறோம்மா. ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா எல்லாம் வரிசையா நிக்குது, நடுவுல நடக்க வழி விட்டு. இந்தக் கல்லுகிட்ட மட்டும் ஒண்ணு தனியா."

"யாராவது விளையாடியிருப்பாங்க," என்றான் அண்ணன்.

"இருபது வருஷமாவா சார்?"

அதைச் சொல்லிவிட்டு அவர் தெருமுனைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "அறுபது. சாக்பீஸால கோடு போட்டாச்சு. வா."

டேப் நுனியைக் கல்லின் மேலேயே விட்டுவிட்டுப் போனேன். வெளியே நாலு மணி வெயில். உள்ளே கூரைத் தகரம் சூட்டில் டிக், டிக் என்று நெளிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் வாடை. கோட்டை நெருங்க நெருங்க அந்த வாடை விலகி, அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தி வாடை வந்தது.

"உனக்கும் வருதா?"

"பேசாம வாசி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஆனால் அவன் கிசுகிசுப்பாகத்தான் சொன்னான்.

கொள்ளுத்தாத்தா பேரை வாசித்தேன். கொள்ளுப்பாட்டி பேரை வாசித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இது மூன்றாம் முறை. இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

தகரத்தின் சத்தம் நின்றது.

"டேப்பை ஏன் இழுக்கிறே?" என்றான் அண்ணன்.

"நான் உன் பக்கத்துலதானே நிக்கிறேன்."

இருவரும் டேப்பைப் பார்த்தோம். அவன் கையிலிருந்து வாசல்வரை, கம்பி போல விறைத்திருந்தது. எங்கும் தொங்கவில்லை.

வாசலில் வெயில் அப்படியே இருந்தது.

வெயிலில் ஒரு நாற்காலி.

நான் எழுந்து வரும்போது அங்கே நாற்காலி இல்லை.

அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலியின் கால்கள் மட்டும், கனமான ஒருவர் சாய்ந்து உட்காரும்போது அகல்வதுபோல, மெல்ல அகன்றன.

"வேற வழி இருக்கா அண்ணே?"

"அளந்தேனே. ஒரே வாசல்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது ஓலையை யாரும் மறந்துவிடவில்லை. வாசிக்கப் பயந்திருக்கிறார்கள். வாசலோரக் கடைசி வரிசையில், தடை சொல்லக் காத்திருந்த எவளோ ஒருத்திக்குப் பயந்து.

நாற்காலி பின்னுக்கு நகர்ந்து கல்லில் கிரீச்சிட்டது. எழுந்து நிற்கிற சத்தம். நெடுநாள் பேசாத தொண்டையை யாரோ செருமிச் சரிசெய்துகொண்டார்கள்.

"இப்பவாவது சொல்லட்டுமா?"